எஸ்பி3டி ஒரு முத்திரை, காரணம் அல்ல



ஊர் உறவுகளே, உயர்தர விஞ்ஞானப் பிரிவில் பிள்ளைகளை விட்டிருக்கும் வாப்பாமாரே, உம்மாமாரே, இது நீளமான பதிவு. அதிலும் இரசாயனவியல். அதற்காகத் தள்ளிவிட்டுப் போய்விடாதீர்கள். மாதாமாதம் டியூசனுக்கு நீங்கள் கொடுக்கும் காசு எதற்குப் போகிறது என்ற கதையும் இதற்குள் இருக்கிறது.

கொஞ்ச நாளாக ஒரு நோட்ஸ் தாள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அலசன்கள் புளோரீனோடு சேர்ந்து உண்டாக்கும் சேர்வைகளின் அட்டவணை அது. முதல் நிரலில் பெயர், நடுவில் கலப்பாக்கம், கடைசியில் வடிவம். குளோரீன் முப்புளோரைட்டு, எஸ்பி3டி, ரி வடிவம். புரோமீன் ஐம்புளோரைட்டு, எஸ்பி3டி2, சதுரக் கூம்பகம். அயடீன் எழுபுளோரைட்டு, எஸ்பி3டி3, ஐங்கோண இருகூம்பகம். அடியில் ஒரு குறிப்பு: ஏன் என்று கேட்டு நேரத்தை வீணாக்காமல் பாடமாக்கவும்.

அந்த அடிக்குறிப்புக்குத்தான் இந்தப் பதிவு.

பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்கள் என்ற முறையில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். வடிவங்கள் மூன்றும் சரி. அதில் சண்டை இல்லை. நடு நிரல்தான் பிரச்சினை. அங்கே எழுதியிருப்பது ஒரு பெயர். அதைக் காரணம் என்று சொல்லி விற்கிறார்கள். "ரி வடிவம் ஏன்?" என்று பிள்ளை கேட்டால் "எஸ்பி3டி என்பதால்" என்கிறார்கள். "எஸ்பி3டி என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டால் "ரி வடிவம் என்பதால்" என்கிறார்கள். வட்டத்தைச் சுற்றிவந்து அதே இடத்தில் நிற்கிறது பிள்ளை. காசு மட்டும் போய்விட்டது.

உண்மையான காரணத்தை ஒரு சாதாரணப் பிள்ளை எண்ணியே கண்டுபிடிக்கலாம். குளோரீனின் வெளி ஓட்டில் 7 இலத்திரன்கள். மூன்று புளோரீன்கள் ஆளுக்கொன்று தருகின்றன. மொத்தம் 10, அதாவது 5 சோடி. மூன்று சோடி பிணைப்பில், இரண்டு சோடி தனிச்சோடி. ஐந்து சோடிகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கூடிய தூரத்தில் நிற்கப் பார்க்கின்றன. ஐந்து பலூன்களை ஊதி வாயை ஒன்றாகக் கட்டிப் பாருங்கள். மூன்று ஒரு தளத்தில் சுற்றி நிற்கும், ஒன்று மேலே, ஒன்று கீழே. இதுதான் முக்கோண இருகூம்பகம். கில்லெஸ்பியும் நைஹோமும் 1957 இல் எழுதிய வலுவளவு ஓட்டு இலத்திரன் சோடித் தள்ளுகைக் கொள்கையின் சாரம் இந்தப் பலூன் கட்டுக்குள் இருக்கிறது.

இனி கேள்வி, இரண்டு தனிச்சோடிகளையும் எங்கே வைப்பது? மூன்று வழி உண்டு. இரண்டையும் மேலும் கீழும் வைத்தால் மூன்று புளோரீனும் ஒரே தளத்தில் முக்கோணமாக நிற்கும். அப்போது தனிச்சோடிக்கும் பிணைப்புச் சோடிக்கும் இடையில் 90 பாகை நெருக்கடி 6 இடத்தில் வருகிறது. ஒன்றை மேலேயும் ஒன்றைப் பக்கத்திலும் வைத்தால் இரண்டு தனிச்சோடிகளும் 90 பாகையில் முட்டிக்கொள்ளும். இருப்பதில் மோசமான முட்டல் அதுதான். இரண்டையும் நடுத்தளத்தில் வைத்தால் அவற்றுக்கிடையே 120 பாகை, பிணைப்புச் சோடியோடு வரும் 90 பாகை நெருக்கடியும் 4 தான். மூலக்கூறு இந்த மூன்றாவது வழியைத்தான் எடுத்திருக்கிறது. மிஞ்சும் மூன்று புளோரீன்களைக் கோடு போட்டு இணைத்துப் பாருங்கள், ஆங்கில ரி எழுத்து. தனிச்சோடிகள் கூடுதல் இடம் பிடிப்பதால் ரியின் இரு கைகளும் கொஞ்சம் வளைந்து, 90 பாகை வரவேண்டிய கோணம் சுமார் 87.5 பாகையாகக் குறைந்திருக்கிறது.

இவ்வளவுக்கும் டி ஒபிற்றல் என்ற சொல் ஒரு தடவைகூடத் தேவைப்படவில்லை. கவனித்தீர்களா?

பாடமாக்கிய பிள்ளைக்கும் எண்ணத் தெரிந்த பிள்ளைக்கும் வித்தியாசம் அடுத்த கேள்வியில் தெரியும். குளோரீன் முப்புளோரைட்டிலிருந்து ஒரு புளோரைட்டு அயனைப் பிடுங்கினால் வரும் நேர் அயனின் வடிவம் என்ன? ஒன்றைக் கூட்டினால் வரும் மறை அயனின் வடிவம் என்ன? அட்டவணையில் இரண்டும் இல்லை. எண்ணத் தெரிந்தவள், முதலாவதில் 7 உடன் 2 கூட்டி 1 கழித்தால் 8, நாலு சோடி, இரண்டு தனிச்சோடி, ஆகவே தண்ணீர் போல வளைந்தது என்பாள். இரண்டாவதில் 7 உடன் 4 கூட்டி, மேலும் 1 கூட்டினால் 12, ஆறு சோடி, இரண்டு தனிச்சோடி எதிரெதிரே, ஆகவே சதுரத் தளம் என்பாள். அரை நிமிடம் போகும். இந்த இரண்டு அயன்களும் கற்பனையில்லை. அந்திமனி ஐம்புளோரைட்டோடு சேர்த்தால் முதலாவது வரும், சீசியம் புளோரைட்டோடு சேர்த்தால் இரண்டாவது வரும். திரவப் புரோமீன் முப்புளோரைட்டு இதே வேலையை யாருடைய உதவியும் இல்லாமல் தனக்குள்ளேயே செய்துகொள்கிறது. இரண்டு மூலக்கூறில் ஒன்று கொடுக்கிறது, மற்றது எடுக்கிறது. அதனால்தான் அந்தத் திரவம் மின்னைக் கடத்துகிறது.

வடிவம் அவ்வளவுதான். பிணைப்புக்கு வருவோம். எங்களுக்குக் கோபம் வருகிற இடம் அது.

குளோரீனுக்கு எட்டு இலத்திரன்தான் கொள்ளும் என்று சாதாரண தரத்தில் படித்த பிள்ளை, பத்து எப்படி வந்தது என்று கேட்கும். நியாயமான கேள்வி. நோட்ஸின் பதில்: குளோரீனுக்கு வெறுமையான 3டி ஒபிற்றல் இருக்கிறது, ஓர் இலத்திரன் அங்கே ஏறுகிறது, எல்லாம் கலந்து ஐந்து சமமான கலப்பு ஒபிற்றல் வருகிறது, முடிந்தது.

சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் குளோரீன் மூன்று ஐதரசனோடு ஏன் சேர்வதில்லை? வெறுமையான டி ஒபிற்றல் அதே குளோரீனில் அப்படியேதான் இருக்கிறது. ஐதரசன் புளோரீனைவிடச் சின்னது, இடப்பிரச்சினையும் இல்லை. ஆனால் ஐதரசன் குளோரைட்டோடு கதை முடிகிறது, மூன்று ஐதரசன் கொண்ட ஒன்றை யாரும் போத்தலில் வைத்திருக்கவில்லை. பொஸ்பரசும் அப்படித்தான். ஐந்து புளோரீனோடு சேரும், ஐந்து ஐதரசனோடு சேராது. இந்த ஒரு கேள்விக்கு நோட்ஸிடம் பதில் இல்லை. மண்டபம் நிறையப் பிள்ளைகள் இருக்கும் டியூசன் வகுப்பொன்றில் ஒரு மகள் இதையே கேட்டிருக்கிறாள். "இது பேப்பரில் வராது, உட்காருங்க" என்று பதில் வந்ததாம். எந்த வகுப்பு, யார் என்பது இங்கே வேண்டாம். கேட்டது நல்ல கேள்வி என்று அந்த மகளுக்கு யாராவது சொல்ல வேண்டும், நாங்கள் சொல்கிறோம்.

அடுத்து, மூலக்கூறே தரும் சாட்சி. 1953 இல் நுண்ணலைகளைக் கொண்டும் எக்ஸ் கதிர்களைக் கொண்டும் குளோரீன் முப்புளோரைட்டை அளந்தார்கள். ரியின் காலாக நிற்கும் பிணைப்பு சுமார் 160 பிகோமீற்றர். கைகளாக நீட்டியிருக்கும் இரண்டும் சுமார் 170. ஒரே மூலக்கூறில் ஒரு குட்டைப் பிணைப்பு, இரண்டு நீளப் பிணைப்பு. இதோடு சாதாரணக் குளோரீன் ஒருபுளோரைட்டை வைத்துப் பாருங்கள், அதில் பிணைப்பு நீளம் சுமார் 163. அப்படியானால் கால் சாதாரணப் பிணைப்பு. கைகள்தான் வேறு ஏதோ. ஐந்து சமமான கலப்பு ஒபிற்றல் என்ற கதைக்குள் இந்த 10 பிகோமீற்றரை எங்கே ஒளிப்பது?

புரோமீன் ஐம்புளோரைட்டும் இதையே சொல்கிறது. உச்சியில் நிற்கும் ஒரு புளோரீன் சுமார் 169 பிகோமீற்றர் தூரத்தில், அடியிலிருக்கும் நான்கும் சுமார் 177 இல். ஒன்று சாதாரணம், நான்கு நீளம். நீளமானவை எப்போதும் எதிரெதிர்ச் சோடியாக வருகின்றன.

எதிரெதிர்ச் சோடி என்பதுதான் சாவி. 1951 இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் பிமென்டலும் றொபேட் றண்டிலும் தனித்தனியாக இதற்கான பிணைப்பு விளக்கத்தை எழுதினார்கள். மூன்று மையம், நான்கு இலத்திரன் பிணைப்பு என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். முன்பு மீன்காரர் தோளில் ஒரு தடியை வைத்து இரு முனையிலும் கூடை தொங்கவிட்டு வருவாரே, அதுதான். குளோரீனின் ஒரு பி ஒபிற்றல் தடி. அதற்கு இரு முனை. இரு முனையிலும் ஒவ்வொரு புளோரீன். கூடை இரண்டு, தடி ஒன்று. ஆகவே நேர்கோடு, ஆகவே ஒவ்வொரு பிணைப்பும் முழுப் பிணைப்பைவிடப் பலவீனம், ஆகவே நீளம்.

கணக்கும் தானாகச் சரிவருகிறது. தடியில் சம்பந்தப்பட்ட இலத்திரன் நான்கு. இரண்டு மூன்று அணுக்களையும் ஒன்றாகப் பிடித்திருக்கும் ஒபிற்றலில் இருக்கின்றன. மற்ற இரண்டும் இரு முனைகளிலுள்ள புளோரீன்களின் மேலேயே இருக்கின்றன, நடுவிலுள்ள குளோரீனைத் தொடுவதில்லை. பத்தில் இரண்டைக் கழியுங்கள். எட்டு. சாதாரண தரத்தில் படித்த எட்டு அங்கேயே இருக்கிறது. பிள்ளை பயந்ததுபோல் எதுவும் உடையவில்லை.

ஐதரசன் ஏன் முடியாது என்பதற்கும் பதில் இதற்குள் வந்துவிட்டது. மேலதிக இரண்டு இலத்திரனும் முனைகளில் போய் உட்கார வேண்டும். அவற்றை விரும்பி வாங்கி வைத்திருக்கக்கூடிய அணு முனையில் வேண்டும். மூலகங்களிலேயே மின்னெதிர்த்தன்மை கூடியது புளோரீன். ஐதரசனுக்கு அந்தக் கொள்ளளவும் இல்லை, ஆசையும் இல்லை. அலசன்கள் மூன்று, ஐந்து, ஏழு என்று கை நீட்டுவது பெரும்பாலும் புளோரீனோடு மட்டும் என்பதன் இரகசியம் குளோரீனின் டி ஒபிற்றலில் அல்ல, புளோரீனின் இழுவையில் இருக்கிறது.

டி ஒபிற்றலுக்குப் பங்கே இல்லை என்று நாங்கள் அடம்பிடிக்கவில்லை. கணினியில் கணிக்கும்போது அதைச் சேர்த்தால் விடை திருத்தமாகும். ஆனால் 1980களிலிருந்து வந்த கணிப்புகளில் அங்கே குடியிருக்கும் இலத்திரன் அளவு மிகச் சொற்பம். ஒரு முழு இலத்திரன் ஏறிக் குடியேறிவிட்டது என்ற படம் நிற்கவில்லை. கலப்பாக்கத்தை 1931 இல் கொண்டுவந்த லைனஸ் போலிங் சின்ன மனிதரல்ல, இரண்டு நோபல் பரிசு வாங்கியவர். காபனுக்கு அவர் சொன்னது இன்றும் அழகாக வேலை செய்கிறது. காபனுக்கு வெட்டிய சட்டையைக் குளோரீனுக்குப் போட்டுவிட்டு, அளவு சரி என்று சாதிப்பதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை.

இந்தச் சேர்வைகள் ஏன் இவ்வளவு மூர்க்கம் என்பதும் அதே தடியில் தொங்குகிறது. ஒருபுளோரைட்டில் ஒரு பிணைப்பை உடைக்க மூலுக்கு சுமார் 250 கிலோயூல் வேண்டும். முப்புளோரைட்டில் சராசரி சுமார் 170 தான். சூடாக்கினால் ஒருபுளோரைட்டாகவும் புளோரீன் வாயுவாகவும் பிரிந்துவிடும். ஒரு கூடையை இறக்கினால் மற்றது சும்மா நிற்காது. 1930 இல் ஒட்டோ றூப் அன்றைய ஜேர்மனியின் பிரெஸ்லாவில் இதைத் தயாரித்தார். இன்று அந்த நகரம் போலந்தில் இருக்கிறது. அயடீன் எழுபுளோரைட்டும் அதே ஆண்டு அவருடைய ஆய்வுகூடத்தில் பிறந்ததுதான். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியர் பால்கன்ஹாகன் என்ற இடத்தில் முப்புளோரைட்டை ஆயுதமாகவே உற்பத்தி செய்தார்கள். மணலையும் கொங்கிரீட்டையும்கூட எரிக்கும், தண்ணீர் பட்டால் வெடிக்கும், கொதிநிலை சுமார் 12 பாகை செல்சியஸ். நம் ஊர் வெயிலில் போத்தல் திறந்தால் வாயுதான். இன்றைக்கு அது கணினிச் சிப் செய்யும் தொழிற்சாலைகளில் பாத்திரம் கழுவுகிறது, அதாவது சிலிக்கன் படிந்த உட்சுவர்களைச் சுத்தமாக்குகிறது. நீங்கள் இந்தப் பதிவை வாசிக்கும் போனுக்குள் இருப்பதும் அப்படியான தொழிற்சாலைகளில் பிறக்கும் சிப்தான். இதைச் சொன்னால் வகுப்பில் பின்வாங்கில் இருக்கும் பையனும் நிமிர்ந்து உட்காருகிறான். அட்டவணையைப் பார்த்து யாரும் நிமிர்ந்ததில்லை.

அட்டவணைக்குக் கீழே இன்னொரு குறுக்குவழியும் போட்டிருக்கிறார்கள். இருகூம்பகம் என்றால் அச்சுப் பிணைப்புகள்தான் நீளமானவை என்று. குளோரீன் முப்புளோரைட்டில் சரி, பொஸ்பரசு ஐங்குளோரைட்டிலும் சரி. அயடீன் எழுபுளோரைட்டில் தலைகீழ்! அங்கே அச்சிலிருக்கும் இரண்டும் சுமார் 179 பிகோமீற்றர், தளத்திலிருக்கும் ஐந்தும் சுமார் 186. காரணம் விளங்கியவனுக்கு இது அதிர்ச்சியே இல்லை. ஒரு தளத்தில் ஐந்து பேர் 72 பாகை இடைவெளியில் தோளோடு தோள் முட்டிக்கொண்டு நின்றால் தள்ளித்தானே நிற்பார்கள். பாடமாக்கியவன் பல்தேர்வு வினாவில் பிழையான விடைக்குக் கீறிவிட்டு, சந்தோஷமாக வீட்டுக்கு வருவான்.

ஏழு புளோரீனுக்கு அயடீன் மட்டும்தான் இடம் கொடுக்கிறது என்பதையும் பாருங்கள். குளோரீனுக்கும் புரோமீனுக்கும் நடுநிலையான எழுபுளோரைட்டு கிடையாது. டி ஒபிற்றல் மூன்றுக்கும் உண்டு, உடல் பருமன்தான் வேறு.

எண்ணும் முறைக்கும் எல்லை உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. புரோமீனோடு ஆறு புளோரீனும் ஒரு மறையேற்றமும் சேர்ந்த அயனை எண்ணினால் ஏழு சோடி வரும், ஒன்று தனிச்சோடி. வடிவம் கோணலாக இருக்க வேண்டும். அயடீனின் அதே அயன் அப்படிக் கோணலாகத்தான் இருக்கிறது. புரோமீனுடையது ஒழுங்கான எண்முகி. ஆறு புளோரீன் சூழ்ந்தபின் சின்னப் புரோமீனைச் சுற்றி ஏழாவது சோடி வெளியே தலைநீட்ட இடமில்லை, உள்ளே எஸ் ஒபிற்றலில் ஒடுங்கிவிடுகிறது. இப்படி விதி வழுக்கும் இடத்தைக் காட்டினால் பிள்ளை குழம்பும் என்கிறார்கள். எங்கள் அனுபவத்தில் பிள்ளை குழம்புவதில்லை, "அப்ப சேர், குளோரீன்ல?" என்று அடுத்ததைக் கேட்கிறது.

எங்களுக்கு வரப்போகும் பதிலும் தெரியும். "சேர், இதெல்லாம் நல்லாத்தான் இருக்கு, மார்க்கிங் ஸ்கீம் என்ன கேட்குதோ அதைத்தானே எழுத வேணும்?" எழுதட்டும். கலப்பாக்கம் கேட்டால் அந்தச் சொல்லை எழுதிப் புள்ளியை வாங்கட்டும், எங்களுக்கும் பிள்ளையின் இசட் புள்ளி முக்கியம்தான். ஐந்து சோடி என்பதற்கு இட்ட முத்திரை அது என்று தெரிந்துகொண்டு எழுதட்டும். முத்திரையைக் காரணம் என்று நம்பிக்கொண்டு எழுத வேண்டாம். பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் விரிவுரையாளர் "டி ஒபிற்றல் கதையை மறந்துவிடுங்கள்" என்று தொடங்கும்போது, எங்கள் ஊர்ப் பிள்ளை மட்டும் முழிக்கத் தேவையில்லை.

இன்னொரு பதில் இருக்கிறது. அதை நேரே சொல்வதில்லை, சுற்றி வளைத்துச் சொல்வார்கள். கொழும்பு, யாழ்ப்பாணம், கண்டிப் பெரிய பாடசாலைகளில் ஆய்வுகூடம் உண்டு, அங்கே ஏன் என்று கேட்கலாம், நம்முடைய பிள்ளைகளுக்குப் பாடமாக்குவதே போதும் என்று. குளோரீன் முப்புளோரைட்டு கொழும்பில் எந்தப் பாடசாலை ஆய்வுகூடத்திலும் இல்லை ஐயா. இருக்கவும் கூடாது! இந்தப் பாடத்துக்குத் தேவையான உபகரணம் ஐந்து பலூன், ஒரு நூல், பத்துக்குள் கூட்டல் கழித்தல். இதில்கூட எங்கள் பிள்ளைக்குக் குறைந்தது போதும் என்று முடிவுகட்டியது யார்? வெளியாட்கள் சொன்னால் கொதித்தெழுவோம். நம்மவர் நோட்ஸில் அச்சடித்துத் தந்தால் காசு கொடுத்து வாங்குகிறோம்.

டியூசனை நிறுத்துங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. நல்ல டியூசன் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், நாங்களும் அவர்களிடம் படித்தவர்கள்தான். இன்றிரவு பிள்ளையின் கொப்பியை எடுத்து அந்த அட்டவணை இருக்கும் பக்கத்தைத் திறவுங்கள். இரசாயனவியல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: "மகள், இந்த ரியில கால் மட்டும் ஏன் குட்டை?" பதில் வந்தால் அந்த ஆசிரியருக்கு எங்கள் ஸலாமையும் சொல்லுங்கள், காசும் தாராளமாகக் கொடுங்கள். பதில் வராவிட்டால் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புங்கள். கட்டணம் இல்லை. எந்த டியூசனுக்குப் போகிற பிள்ளையும் வரலாம், அந்த நோட்ஸ் எழுதியவரும் வரலாம். பலூன் நாங்கள் கொண்டுவருவோம், நூல் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள்.